முக்கியமான பை முதல்ல ஏறும்

"அதெல்லாம் சரி, கடைய யாரு பாத்துக்கறது? அத முதல்ல சொல்லு"ன்னாரு அப்பா.

"பூட்டு பாத்துக்கும்"னா வாலு.

அம்மா சிரிப்ப மறைக்கறதுக்காக, யாருமே கூப்பிடாத போன எடுத்து காதுல வச்சுக்கிட்டாங்க. அண்ணன் நிமிரவே இல்ல. டேப்போட நுனி எங்க ஒட்டியிருக்குன்னு நகத்தால தேடிட்டே இருந்தான். அந்த டேப் நுனி இருக்கே, அத கண்டுபிடிக்கறதுலயே அந்த வீட்ல பாதி ஆயுசு போயிருக்கும்.

ஏன்னா அவங்க தொழிலே அதுதான், வீடு மாத்திக் குடுக்கறது. நீங்க ஒரு வீட்ட காலி பண்ணிட்டு இன்னொரு வீட்டுக்குப் போறீங்கன்னா இவங்க வந்து உங்க கட்டில், பீரோ, டிவி, பாத்திரம், பால்கனில காஞ்சுபோன செடி வரைக்கும் பொட்டலம் கட்டி வண்டில ஏத்தி அங்க கொண்டுபோய் இறக்கி வச்சிட்டு வருவாங்க. அப்பாதான் முதலாளி. அம்மாவுக்கு போன் வேலை. "என் கண்ணாடி மேஜை கீறிப்போச்சு"ன்னு கத்திட்டு வர்றவங்கள, பேசிப் பேசியே "பரவால்லங்க, நீங்க சாப்ட்டீங்களா"ன்னு கேக்க வச்சிடுவாங்க. அப்பாவோட அக்கா, அதான் அத்தை, பேக்கிங் ராணி. அவங்க கைல ஒரு முட்டைய குடுத்தீங்கன்னா அது கோழி வயித்துக்குள்ள இருந்தத விட பத்திரமா போய்ச் சேரும். அண்ணன் பெரிய வண்டி ஓட்டறான், ஏத்தறது இறக்கறதுக்கெல்லாம் அவன்தான் தலை.

அப்புறம் வாலு, வீட்டுக் கடைக்குட்டி. அவளுக்குன்னு ஒரு வேலை கிடையாது. டேப் தீந்தா ஓடணும், ஆள் வரலைன்னா தூக்கணும், கஸ்டமரோட நாய் குறுக்க வந்தா அத பிடிச்சுக்கணும். ஆனா அவ கண்ணு ஒரே இடத்து மேலதான். கடைல ஒரு பெரிய வெள்ளை போர்டு இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு சேரு. அந்த சேர்ல உக்காந்துதான் அப்பா முடிவு பண்ணுவாரு, எந்த வண்டி எந்த வீட்டுக்கு, எத்தனை ஆளு, எந்தத் தெருவுல லாரி திரும்பாது, எந்த மாடிப்படில பீரோ மாட்டிக்கும்னு எல்லாம். இப்ப அப்பாவுக்கு வெளிய சுத்தி பெரிய பெரிய ஆபீஸ் மாத்தற ஆர்டரா பிடிக்கணும்னு ஆசை வந்துடுச்சு. அப்ப சேரு காலி. அது அண்ணனுக்குத்தான்னு எல்லாரும் நினைச்சாங்க, அண்ணனும் நினைச்சான். ஒரு நாள் எல்லாரும் தட்டு முன்னாடி உக்காந்திருக்கும்போது வாலு கேட்டுட்டா, "நான் உக்காரட்டுமா?"

அப்பா சிரிச்சிருந்தா அவ விட்டிருப்பா. அவரு சிரிக்கல. ஒரு வாய் சோத்த நல்லா மென்னு முழுங்கிட்டு சொன்னாரு, "நம்ம வீட்டு ஆளுங்க அஞ்சு பேர எங்கயாவது ஒரு இடத்துக்கு கூட்டிட்டுப் போயி, ஒரு தப்பும் இல்லாம கூட்டிட்டு வா. சேரு உனக்கு. ஊரான் சாமான யாரு வேணா ஏத்திடலாம். நம்ம வீட்டு ஆளுங்கள வண்டில ஏத்திக் காட்டு, அப்பதான் நீ ஆளு."

"ஒரு தப்பும் இல்லாம"ன்னு அண்ணன் திரும்பச் சொன்னான், ஆபீஸ்ல சீல் குத்தற மாதிரி.

எந்த இடம்னு வாலு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. நேஷனல் பார்க்தான். இந்த ஊர்ல அதப் பாக்காத குடும்பமே இல்ல, இவங்க குடும்பத்தத் தவிர. அது எப்படி தெரியும்னா, ஃப்ரிட்ஜ். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ் கதவுல அந்தப் பார்க்கோட யானை காந்தம் ஒண்ணு ஒட்டியிருக்கும். ஃப்ரிட்ஜ சுத்தறதுக்கு முன்னாடி அத்தை அத பிச்சு எடுத்து, தனியா பேப்பர்ல மடிச்சு, மேல "யானை"ன்னு எழுதி வைப்பாங்க. ஊர் முழுக்க யானைய சுத்தி சுத்தி வச்சவங்க, இன்னும் ஒரு நிஜ யானைய பாத்ததில்ல. ஒவ்வொரு வருஷமும் போலாம் போலாம்னு பேசுவாங்க. மாசக் கடைசின்னா முடியாது, அப்பத்தான் எல்லாரும் வீடு மாத்துவாங்க. சனி ஞாயிறும் முடியாது, அப்பவும் மாத்துவாங்க. பள்ளிக்கூட லீவுல கேக்கவே வேண்டாம். ஊரே லீவு எடுக்கும்போது இவங்க முதுகு ஒடியும்.

அதான் அப்பா அந்தக் கேள்விய கேட்டாரு, கடைய யாரு பாத்துக்கறதுன்னு. வாலு பூட்டுன்னு சொன்னது சும்மா வாய்க்கொழுப்புல இல்ல. அவ போர்டுகிட்ட போயி மாசத்து நடுவுல ஒரு புதன், வியாழன் ரெண்டையும் சேத்து வட்டம் போட்டா.

"இந்த ரெண்டு நாளும் பெரிய வண்டிங்க ரெண்டும் சர்வீஸ்ல நிக்கும், சின்னதுல நாம போயிடுவோம். மெக்கானிக்கிட்ட பேசிட்டேன். வண்டியே இல்லாம கடைய தொறந்து வச்சு என்னப்பா பண்ணப்போறீங்க, ஈ ஓட்டுவீங்களா?"

அப்பா போர்ட பாத்தாரு. அம்மாவ பாத்தாரு. "ரெண்டு வண்டியையும் ரெண்டே நாள்ல எப்படிடி முடிச்சுக் குடுப்பான் அவன், எனக்கு ஒரு வண்டிக்கே ஒரு வாரம் இழுப்பான்."

"நீங்க கேட்டா இழுப்பாரு. நான் அவர் ஷெட்டுக்கே போயி உக்காந்துட்டேன்."

அப்பா போர்ட இன்னொரு தடவ பாத்தாரு. பேச வாய தொறந்தாரு, கொட்டாவி மாதிரி முடிச்சுக்கிட்டாரு.

அடுத்தது ரூம். காட்டுக்குள்ள பார்க்குக்காரங்களோட மரவீடுங்க இருக்கு, அது கிடைக்கறதுதான் குதிரைக்கொம்பு. புக்கிங் தொறந்த உடனே மொத்த ஊரும் அது மேல விழும். வாலு கம்ப்யூட்டர்ல, அண்ணன் அவன் போன்ல, அம்மா கடை போன்ல பார்க் ஆபீஸ் நம்பர்ல. வாலுவோட ஸ்க்ரீன்ல சக்கரம் சுத்திட்டே இருந்துச்சு. அண்ணனுக்கு "மன்னிக்கவும்"னு வந்துச்சு, அவன் போனையே தூக்கிப் போட்டுட்டான். அம்மா மட்டும் அந்தப் பக்கம் ஓடற இழவெடுத்த பாட்ட கேட்டுட்டு, வெங்காயம் உரிச்சுட்டு, பொறுமையா உக்காந்திருந்தாங்க. கடைசில ஒரு பொண்ணு எடுத்துச்சு.

"எல்லாம் முடிஞ்சுதா? பரவால்லம்மா. உன் குரல் ஏன் இப்படி கட்டியிருக்கு? ... ஓ, கொழந்தைக்கும் சேத்தா? ரெண்டு பேரும் வெந்நீர் குடிங்க, ஐஸ் தொடாத..." இப்படியே போச்சு. வாலு பல்ல கடிச்சுட்டு நின்னா. அம்மா பேசிட்டே ஒரு கைய நீட்டி பேனா கேட்டாங்க. யாரோ அந்த நேரம் பாத்து ஒரு மரவீட்ட கேன்சல் பண்ணியிருக்காங்க, ஏரிக்கரைல, அஞ்சு பேரு படுக்கலாம். அந்தப் பொண்ணு வேற யாருக்கும் சொல்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு சொல்லிடுச்சு.

போன வச்சிட்டு அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. "நான் அங்க வந்து அடுப்பு முன்னாடி நிக்கமாட்டேன். சிங்கமே வந்து பசிக்குதுன்னாலும் நிக்கமாட்டேன்."

"அங்க சிங்கம் கிடையாதும்மா."

"இருந்தாலும்னு சொல்றேன்."

அப்புறம் வாலு ஒரு மீட்டிங் போட்டா, நிஜமாவே, போர்டுக்கு முன்னாடி எல்லாரையும் அட்டைப்பெட்டி மேல உக்கார வச்சு. கண்ண பறிக்கற கலர் போடக்கூடாது. சென்ட் அடிக்கக்கூடாது. உள்ள சிக்னல் கிடையாது, அதனால அப்பா போன நோண்டி பிரயோஜனமில்ல. பார்க் வாசல்ல நம்ம வண்டிய நிறுத்திட்டு, அவங்க பஸ்லதான் உள்ள போகணும். மதியம் ஒரே பஸ்ஸு. அத விட்டா அன்னைக்கு நாள் அவ்ளோதான், ரூமும் போச்சு.

"நான் சாக்கு கலர்ல டிரெஸ் போடமாட்டேன்"னாங்க அத்தை. அவங்ககிட்ட இருக்கறது எல்லாமே ஆரஞ்சும் ரோஸும்தான். "யானை என்ன எனக்கு மார்க் போடவா வருது?"

"மார்க் போடாது அத்தை, மிதிக்கும்."

"மிதிச்சா உன் பேர சொல்லிட்டுத்தான் சாவேன்."

சாமான் விஷயத்துல வாலு "ஆளுக்கு ஒரு பை"ன்னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டா. எல்லாரும் ரொம்ப மரியாதையா தலையாட்டுனாங்க. ஆனா வீடு மாத்தறவங்ககிட்ட ஒரு பைன்னு சொல்றது, மீன்காரர்கிட்ட வாசம் வரக்கூடாதுன்னு சொல்ற மாதிரி. மரவீட்ல வெறும் கட்டில்தான், படுக்கை நம்மதுன்னு தெரிஞ்ச உடனே அத்தை ஒரு மெத்தைய சுருட்டுனாங்க. மெத்தை போனா தலகாணி போகணும். தண்ணி கேனு. அம்மா அடுப்பு முன்னாடி நிக்கமாட்டாங்க, ஆனா டீ வேணும்ல, அதனால அடுப்பு. அப்பாவுக்கு மடக்கு நாற்காலி. அண்ணன் எதுக்குன்னே தெரியாம கயிறு, பெல்ட், தள்ளுவண்டி எல்லாம் எடுத்துட்டான். "வண்டி இருக்கே, சும்மாதான போகுது"ன்னான். முன்னாடி ரெண்டு வரிசை சீட்டு, பின்னாடி மூடுன பெட்டி, அந்த சின்ன வண்டிதான். வாலு நெத்தில அடிச்சுக்கிட்டா, ஆனா தடுக்கல. நேரத்துக்குக் கிளம்பினா போதும்னு இருந்தா.

கிளம்பற அன்னைக்கு காலைல கடை வாசல்ல ஒரே கூத்து, சாமான் ஒண்ணும் இன்னும் ஏறல. அப்பா ஷட்டர பாதி இறக்கி வச்சுட்டு கடைசியா ஒரு கஸ்டமர்கிட்ட போன்ல பேசிட்டிருக்காரு. அத்தை ஆரஞ்சு மேல ஒரு பழுப்பு சால்வைய போத்திக்கிட்டு "இதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது"ங்கறாங்க. வாலு கைல ஒரு சிவப்பு பை. புக்கிங் சீட்டு, அஞ்சு பேரோட அடையாள அட்டை, எல்லாம் அதுலதான். அசல் அட்டை காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. அப்பாவ போன்லேர்ந்து பிச்சு எடுக்க ஓடற அவசரத்துல, அவ அந்தப் பைய அண்ணன் கைல திணிச்சா. "நம்ம உயிரே இதுலதான் இருக்கு. பத்திரமா வை."

"எங்கிட்ட சொல்றியா"ன்னான் அண்ணன்.

கிளம்பிட்டாங்க. சொன்ன நேரத்துக்கு. அப்பா வழியெல்லாம் தப்பு தேடிட்டே வந்தாரு, கிடைக்கல. டீக்கு நிறுத்துன இடத்துல கக்கூஸ் சுத்தமா இருந்துச்சு. பாலத்துல வேலை நடக்குதுன்னு வாலு முன்னாடியே விசாரிச்சு சுத்துவழிய சொல்லிட்டா. அத்தைக்கு வாந்தி வராம இருக்க எலுமிச்சம்பழம் வச்சிருந்தா. அப்பா கண்ணாடில அவள பாத்தாரு, அவ ஜன்னல பாத்துட்டு உள்ளுக்குள்ள டான்ஸ் ஆடிட்டிருந்தா.

பார்க் வாசலுக்கு வந்தப்ப பஸ்ஸுக்கு தாராளமா நேரம் இருந்துச்சு. கூட்டமில்லாத நாளா பாத்து வரலாம்னு இவ போட்ட அதே கணக்க இன்னும் பாதி ஊரு போட்டிருந்துச்சு, அது வேற விஷயம். வரிசைல நின்னு, கவுன்ட்டருக்கு வந்து, வாலு ராணி மாதிரி கைய பின்னாடி நீட்டுனா. "அண்ணா, அந்த சிவப்பு பை."

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

அண்ணன் வண்டிய பாத்தான்.  

இத உங்களுக்கு சொல்லணும். அவங்க கடைல ஒரு பழக்கம். நகைப்பெட்டி, வீட்டுப் பத்திரம், இப்படி கஸ்டமர் "ரொம்ப முக்கியம்"னு எத குடுத்தாலும் அதுதான் வண்டில முதல்ல ஏறும். உள்ள, முன்சுவத்த ஒட்டி. அதுக்கு முன்னாடி மெத்தை, அதுக்கு முன்னாடி பெட்டிங்க, எல்லாத்தையும் இறுக்கி பெல்ட். வழில எங்க நிறுத்துனாலும் ஒருத்தன் கை அது மேல படாது. இது யாரும் யோசிச்சு பண்றதில்ல, கை தானா பண்ணும். போன வாரம்தான் வாலு ஒரு புது ஆள நாக்க பிடுங்கிக்கற மாதிரி திட்டியிருந்தா, பத்திரத்த கதவோரமா வச்சதுக்கு.

அதனால அந்தப் பை எங்க இருக்கும்னு அவளுக்கு நல்லா தெரியும். மொத்த சாமானுக்கும் பின்னாடி.

கவுன்ட்டர்காரரு நல்ல மனுஷன்தான். "பாத்து எடுத்துட்டு வாங்க. ஆனா மதிய பஸ் போயிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கப்புறம் யானை ரோட்ட பிடிச்சுக்கும், அதுங்களுக்கு நாங்க டைம் டேபிள் போட முடியாது."

அண்ணன் முகம் சுண்டிப்போச்சு. "நீ உயிருன்னு சொன்ன, அதான்..."

"நீ சரியாத்தான் வச்ச"ன்னா வாலு. அப்பா பக்கம் திரும்பி, "என் தப்பு. முக்கியம்னு சொன்னேன், முதல்ல வேணும்னு சொல்லல"ன்னா. 

அப்பா நேரா பின்பக்கம் நடந்தாரு. வண்டிக் கதவோட தாழ்ப்பாள தூக்குனாரு. அவ்ளோதான்.

அந்த அஞ்சு பேரு இறக்குன அழக அன்னைக்கு அந்த வரிசைல நின்னவங்க எல்லாம் பாத்தாங்க. யாரும் கத்தல, யாரும் முட்டிக்கல. அண்ணன் உள்ள, அப்பா கதவுல, வாலு கீழ, அம்மாவும் அத்தையும் தரைல வரிசை வச்சிட்டே போறாங்க. கேனு, அடுப்பு, நாற்காலி, தலகாணி. அத்தையோட சால்வை எங்கயோ விழுந்துடுச்சு, ஆரஞ்சு பளபளன்னு காட்டு வாசல்ல ஜொலிக்குது. மெத்தை வெளிய வந்துச்சு, அதுக்குப் பின்னாடி சிவப்பு பை. வாலு பறிச்சுட்டு ஓடுனா. சீல் குத்தியாச்சு. கவுன்ட்டர்காரரு அத்தையோட அட்டைய பாத்துட்டு அத்தைய பாத்தாரு, "இது வேற யாரோ மாதிரி இருக்கே"ன்னாரு. "அதுல நான் சாப்பிடாம இருந்தேன்"னாங்க அத்தை.

முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. பஸ்கிட்ட போனா, பஸ்ஸு நகர்ற மாதிரியே இல்ல.

உள்ள ஒரே சாமான் குவியல். ரிட்டயரான நர்சுங்க ஒரு கூட்டம், ஆளுக்கு ஒரு சக்கரம் வச்ச பெட்டி. கைக்குழந்தையோட ஒரு ஜோடி, அவங்களோட தொட்டிலு, தள்ளுவண்டி. பறவை படம் எடுக்கறவரு ஒருத்தரு, ராக்கெட் மாதிரி ஒரு குழாய கட்டிப்பிடிச்சுட்டு. ரெண்டு பக்க சீட்டுக்கும் இடைல இருக்கற நடுவழில நிக்க இடமில்ல. டிரைவரு கைய கட்டிட்டு கீழ நிக்கறாரு.

"நடுவழில ஒரு செருப்பு கிடந்தாக்கூட நான் வண்டிய எடுக்கமாட்டேன். ரூல்சு. காட்டுல திடீர்னு பிரேக் போட்டா எல்லாம் பறக்கும். இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன், சாமான் ஏறலைன்னா கடைசியா வந்தவங்க நாளைக்கு வாங்க."

கடைசியா வந்தது யாருன்னு தனியா சொல்லணுமா? மொத்த பஸ்ஸும் திரும்பி, தரைல கிடக்கற மெத்தையையும் ஆரஞ்சு அத்தையையும் பாத்துச்சு.

"பாதிய நம்ம வண்டிலயே போட்டுட்டு போலாம்"னு அண்ணன் முணுமுணுத்தான்.

"மெத்தை வரலைன்னா நானும் வரல"ன்னாங்க அத்தை.

வாலு ரெண்டு பேரு சொன்னதையும் காதுலயே வாங்கல. அவ பஸ்ஸ ஒரு சுத்து சுத்தி வந்தா. பின்னாடி பெட்டி ஒண்ணு இருக்கு, அதுல பாதிக்கு பழைய டயர். மேல கம்பி கேரியர், காலி. சீட்டுக்கு அடில இடம், யாரும் தொடல. ஒரு மாடிப்படிய பாக்கும்போது அப்பா எப்படி தலைய சாய்ப்பாரோ, அதே மாதிரி தலைய சாய்ச்சுட்டு நின்னா. அம்மா அத பாத்துட்டு அப்பாவ முழங்கையால இடிச்சாங்க.

"டிரைவர் அண்ணே, எங்கெங்க நிப்பீங்க, வரிசையா சொல்லுங்க."

"முதல்ல மிருகம் பாக்கற கோபுரம். அப்புறம் ஏரிக்கரை, ஆத்தங்கரை. கடைசி மலை மேல. ஏன்?"

"மலைக்குப் போறது யாரு?"

நர்சுங்க எல்லாரும் கைய தூக்குனாங்க, பள்ளிக்கூடத்துல மாதிரி.

"அப்ப உங்க பெட்டிதான் முதல்ல ஏறணும். நீங்க முதல்ல ஏறி நடுவுல போட்டுட்டீங்க, அதான் சிக்கல். எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க. அண்ணா, உள்ள இருக்கறது மொத்தத்தையும் கீழ எடு."

ஏத்துனத இறக்கறதா? பஸ்ஸுக்குள்ள சலசலன்னு ஆச்சு. அண்ணன் வழக்கம்போல அப்பாவ பாத்தான். அப்பா ஆகாசத்த பாத்துட்டு நின்னாரு, மழை வருமான்னு பாக்கற மாதிரி. ஒரு மேகம் கூட இல்ல. அண்ணனுக்கு வேற வழியில்ல, உள்ள ஏறுனான்.

வாலு அடுத்தத சொல்றதுக்கு முன்னாடி எச்சில முழுங்குனா. ஏன்னா அடுத்தது அப்பா.

"அப்பா, நீங்க மேல ஏறுங்க."

அந்த மனுஷன இத்தனை வருஷத்துல யாரும் ஏறுன்னும் சொன்னதில்ல இறங்குன்னும் சொன்னதில்ல. அவருதான் சொல்லுவாரு. அவரு செருப்ப கழட்டி ஓரமா வச்சாரு, சட்டைக் கைய மடிச்சாரு, பின்னாடி ஏணில கால வச்சு மேல போனாரு. மேல நின்னு, இடுப்புல கைய வச்சு, எல்லாரும் பாக்க, கீழ குனிஞ்சு அவள கேட்டாரு:

"முதல்ல எது?"

அதுக்கப்புறம் அவள பிடிக்க முடியல. நர்சுங்க பெட்டி மேல, படுக்க வச்சு, கைப்பிடி எல்லாம் உள்பக்கம். டயர நிமித்தி சுவத்தோட நிறுத்து, அந்த இடத்துல தொட்டில். ஆத்தங்கரை சாமான் பின்பெட்டில உள்ள, அதுக்கு முன்னாடி ஏரிக்கரை. கோபுரத்துக்குப் போறது பறவைக்காரரு ஒருத்தருதான், அவரு பை சீட்டுக்கு அடில, குழாய் மட்டும் மடில. "இத அத்தைகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க சார்." அத்தை அந்த ராக்கெட்ட தலகாணி உறைல நுழைச்சு, துண்டால சுத்தி, குழந்தைய குடுக்கற மாதிரி திருப்பிக் குடுத்தாங்க. அம்மா அதுக்குள்ள, பெட்டி எங்க போகுதோன்னு பதறுன நர்சம்மா ஒருத்தங்கள ஓரமா உக்கார வச்சு, அவங்க சர்வீஸ் கதைய கேட்டுட்டு இருந்தாங்க. அண்ணன் எதுக்குன்னே தெரியாம எடுத்துட்டு வந்த கயிறும் பெல்ட்டும் மேல போச்சு. அப்பா முடிச்சு போட்டு இழுத்துப் பாத்தாரு. பஸ்ஸே ஆடுச்சு, முடிச்சு ஆடல.

கடைசியா மெத்தை. பின்பெட்டி வாசல்ல அது கணக்கா போய் உக்காந்துச்சு, பாட்டில் வாய்ல கார்க்கு மாதிரி.

டிரைவரு உள்ள ஏறி நடுவழில முன்னயும் பின்னயும் நடந்து பாத்தாரு. ஒரு செருப்பு கூட இல்ல. இன்னும் ரெண்டு பேரு சாமான் வைக்க இடம் இருந்துச்சு. "நீங்க தினமும் வருவீங்களா"ன்னு கேட்டாரு, சிரிக்காம. நர்சுங்க தட்டுன கைத்தட்டல்ல மரத்துல இருந்த குரங்குங்க எல்லாம் இடம் மாறிடுச்சு. அப்பா ஏணில இறங்கும்போது அவருக்கும் சேத்து தட்டுனாங்க. அவரு வெக்கப்பட்டுட்டு செருப்ப தேடுனாரு.

பஸ்ஸு நேரத்துக்கு கிளம்புச்சு.

முதல் வளைவு தாண்டி யானை. நடு ரோட்ல, முதுகெல்லாம் செம்மண்ணு, காத ஆட்டிட்டு, எனக்கென்னன்னு நிக்குது. டிரைவரு எஞ்சின அணைச்சாரு. மூச்சு விடற சத்தம் கூட இல்ல. அத்தை மெதுவா குனிஞ்சு அப்பா காதுல கேட்டாங்க, "டேய் தம்பி, இத ஏத்தணும்னா எத்தனை ஆளு வேணும்?"

அப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு. "தும்பிக்கைய தனியா சுத்தணும்."

"மாடி வீடுன்னா முடியாது"ன்னான் அண்ணன்.

"மெதுவா பேசுங்க, கஸ்டமர் காதுல விழப்போகுது"ன்னாங்க அம்மா.

வாலுவுக்கு வாய பொத்திட்டு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. யானை அவங்கள ஒரு பார்வை பாத்துட்டு, வழி விட்டுச்சு.

சாயங்காலம் ஏரிக்கரை மரவீட்டு வாசல்ல அஞ்சு பேரும் உக்காந்து ரொட்டியும் அவிச்ச முட்டையும் தின்னுட்டு இருந்தாங்க. எதிர்க்கரைல மான் கூட்டம் தண்ணி குடிக்குது. அண்ணன் தொண்டைய கனைச்சான்.

"ஒரு விஷயம். பேச்சு என்ன? ஒரு தப்பும் இல்லாம. அந்தப் பை தப்புதான? அவளே ஒத்துக்கிட்டா."

"ஆமா, தப்புதான்"னா வாலு. அவளுக்கு மறைக்கத் தெரியாது. 

அப்பா முட்டைல உப்பு தூவிட்டே இருந்தாரு, தேவைக்கு மேலயே. அப்புறம் யாரையும் பாக்காம சொன்னாரு, "திங்கக்கிழமை மூணு வீடு இருக்கு. ஒண்ணு அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒண்ணு சந்துக்குள்ள. ஒண்ணுல பியானோ இருக்காம். எந்த வண்டிய எங்க அனுப்பறது?"

"பெரிய வண்டி மாடி வீட்டுக்கு, முதல்ல, வெயில் ஏறறதுக்குள்ள. சின்னது சந்துக்கு. பியானோவ மதியத்துக்கு தள்ளுங்க, அப்ப மாடி வீட்டு ஆளுங்களும் வந்துடுவாங்க. அண்ணன் இல்லாம பியானோவ யாரும் தொடக்கூடாது." அவ யோசிக்காம சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்தான், அப்பா என்ன கேட்டாருன்னு அவளுக்கே புரிஞ்சுச்சு. அவரு கடைல ஒருத்தர்கிட்டயும் அந்தக் கேள்விய கேட்டதே கிடையாது.

"அப்ப பேச்சு?"ன்னான் அண்ணன், பியானோ பேச்சுல கொஞ்சம் குளிர்ந்து போயிருந்தாலும்.

"நான் பஸ்ஸு மேல ஏறி நின்னேன்லடா"ன்னாரு அப்பா. "இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அம்மா வாலுவோட தட்டுல இன்னொரு முட்டைய வச்சாங்க. அத்தை "திங்கக்கிழமைலேர்ந்து இவகிட்டயா லீவு கேக்கணும், கர்மம்"னாங்க. வாலு எந்திரிச்சு ஏரி வரைக்கும் ஓடி, அங்க யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சு ரெண்டு கையையும் மேல தூக்கி ஒரு குதி குதிச்சா. எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. மானுங்க மட்டும் ஓடிப்போச்சு.

இப்ப அவதான் அந்த சேர்ல உக்காந்திருக்கா. அண்ணன் அவ சொல்ற வண்டிய எடுத்துட்டு, சொல்ற தெருவுக்கு, சொல்ற நேரத்துக்குப் போறான், அதுல குறையே இல்ல. ஆனா டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிட்டே இருக்கான், பேச்சுப்படி பாத்தா அவ தோத்துட்டா, தப்பு தப்புதான், அப்பா பாசத்துல விட்டுட்டாருன்னு. அத்தை சொல்றாங்க, தப்பு நடந்ததுனாலதான் அவ யாருன்னே தெரிஞ்சுச்சு, இல்லைன்னா எலுமிச்சம்பழம் வாங்குனதுக்கா சேரு குடுப்பாங்கன்னு. கடைல ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு இன்னும் அடிச்சுக்கறாங்க. சொல்லுங்க, நீங்க அந்த பஸ்ல உக்காந்து எல்லாத்தையும் பாத்திருந்தா, யார் கட்சில சேந்திருப்பீங்க?